பிழையில்லாத பக்கம்

என் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் உறைக்குள், என் புகைப்படத்துக்குப் பின்பக்கமாக, ஒரு பிளாஸ்திரித் துண்டு இருக்கிறது. குளுக்கோஸ் ஏற்றும் ஊசி கையிலிருந்து நழுவாமல் இருக்க மேலே ஒட்டுவோமே, அந்த வெள்ளைப் பிளாஸ்திரிதான். உள்ளங்கை நீளம் இருக்கும். ஓரமெல்லாம் அழுக்கேறி, பசை காய்ந்து, ஒரு காகிதத்தின் மேல் அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் நீலப் பேனாவால் பொடி எழுத்தில் தமிழில் இரண்டு வரி எழுதியிருக்கும். மை வெளிறிவிட்டது. இப்போது அதை வாசிக்க என்னால் மட்டும்தான் முடியும், அதுவும் மனப்பாடம் என்பதால். இந்தத் துண்டு இல்லாமல் போயிருந்தால் ஒரு மனிதரை நான் என் கையாலேயே கொன்றிருப்பேன். அப்படி நடக்கவில்லை. நடக்கவில்லை என்பதை இத்தனை வருடம் கழித்தும் சில நாள் காலையில் எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்வேன். சொன்ன பிறகுதான் காப்பி இறங்கும்.

அதை எழுதியவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். அருப்புக்கோட்டையில் இருபது கட்டில் போட்ட தனியார் ஆஸ்பத்திரி அது. பெரியக்காவுக்கு ஊர் பரளச்சிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். தமிழில் பன்னிரண்டாவது வரை படித்து, ஒரு சின்ன நர்ஸிங் படிப்பு முடித்துவிட்டு வேலைக்கு வந்தவர், நான் சேர்ந்தபோது பதினெட்டு வருடம் முடித்திருந்தார். நரம்பு கிடைக்காத கைகளில் அவருக்கு மட்டும் நரம்பு கிடைக்கும். வெயிலில் காய்ந்த கிழவிகளின் கையைத் தடவிப் பார்த்து, "இந்தா ஒளிஞ்சு கெடக்கு பாரு" என்று சொல்லிக்கொண்டே ஊசியை ஏற்றிவிடுவார். புண்ணைக் கழுவும்போது நோயாளியிடம் காடு, மழை, மகள் கல்யாணம் என்று எதையாவது பேசிக்கொண்டே இருப்பார். டாக்டரிடம் சொல்லாததை எல்லாம் ஆட்கள் அந்த நேரத்தில் அவரிடம் கொட்டுவார்கள். டாக்டர் கேட்டால் "ஒன்னுமில்லங்கய்யா, நல்லாருக்கேன்" என்பதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. உண்மை எல்லாம் புண் கழுவும் இடத்தில்தான் வெளியே வரும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கதை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். எனக்கு மல்லாங்கிணறு. அப்பாவுக்கு கொத்துமல்லியும் பருத்தியும் விளையும் கரிசல் காடு இருந்தது. என்னை கான்வென்டில் போட்டுப் படிக்க வைத்தார். மதுரையில் நர்ஸிங் பட்டம் வாங்கினேன். கான்வென்டில் எனக்குக் கிடைத்த ஒரே பரிசு இங்கிலீஷ் இலக்கணப் போட்டியில் கிடைத்தது. அதன் பிறகு பிழைகளைக் கண்டால் எனக்கு உடம்பு அரிக்கும். கல்யாண மண்டபத்து பேனரில், பஸ்ஸின் பின் கண்ணாடியில், பேக்கரிப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் அதைத் தாண்டி என்னால் நடக்க முடியாது. "டிட் நாட் கேம்" என்று யாராவது சொன்னால் அவர்கள் அடுத்துச் சொல்வது எதுவும் என் காதில் விழாது. எங்கள் வீட்டுக்காரரைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே திருத்தியிருக்கிறேன். மனிதர் எப்படிச் சம்மதித்தார் என்பது இன்றுவரை தெரியாது. எரிச்சல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அந்த எரிச்சலுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் உட்கார்ந்திருந்ததை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு காரியம் நடந்தது. ஒரு நோயாளியை அவசரமாக மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. டாக்டர் ஆபரேஷனில் இருந்ததால் கூட அனுப்பும் சீட்டைப் பெரியக்கா எழுதினார். "ஸ்டமக் இஸ் கோயிங் ஃபார் டூ டேஸ்" என்று எழுதிவிட்டார். இரண்டு நாளாக வயிறு போகிறது என்பதை நம் ஊரில் யாரும் அப்படித்தான் இங்கிலீஷாக்குவார்கள். மதுரையில் யாரோ ஒரு டாக்டர் அந்தச் சீட்டைப் படம் எடுத்து, டாக்டர்களின் வாட்ஸப் குழுவில் போட்டு, வயிறு எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டிருந்தார். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். எங்கள் டாக்டர் நல்ல மனிதர், ஆனால் மானஸ்தர். சீட்டின் உச்சியில் ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது அவரை அறுத்துவிட்டது. போதாததற்கு அந்த வருடம் தரச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தார். பரிசோதனைக்கு ஆட்கள் வந்து முதலில் நர்ஸுகளின் நோட்டைத்தான் பிரித்துப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் என்னை அழைத்து, "இனிமே நீதாம்மா இன்சார்ஜ். நோட்டுல ஒரு தப்பு இருக்கக்கூடாது. எழுத வராதவங்கள வார்டு கழுவப் போடு" என்றார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பெரியக்காவுக்கு நாற்பத்திரண்டு.

பொறுப்பு கையில் வந்ததும் ஒரு சிவப்புப் பேனா வாங்கினேன். எங்களுக்குக் காலை ஷிப்டு மதியம் இரண்டு மணிக்கு முடியும். போகிறவர்கள் வருகிறவர்களிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதுவரை வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். கதை பேசக் கூடாது, எதுவாக இருந்தாலும் நோட்டில் இங்கிலீஷில் எழுத வேண்டும், நோட்டில் இல்லாதது நடக்காதது என்று சட்டம் போட்டேன். இரண்டு மணிக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்க, நான் நோட்டை உரக்க வாசிப்பேன். பிழை வரும் இடத்தில் நிறுத்தி, வட்டம் போட்டு, சரியானதைச் சொல்லி, எழுதியவரைத் திருப்பிச் சொல்ல வைப்பேன். சின்னப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதிகம் வட்டம் வாங்கியது பெரியக்காவின் பக்கங்கள்தான். வயிற்றுப்போக்குக்கான இங்கிலீஷ் சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார். "மூணு தடவ போயிருக்கான்ல, கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று டாக்டரே சிரித்தார். ஒரு தடவை இப்படி எழுதியிருந்தார்: "நைட் ஃபுல் ஹி இஸ் சிட்டிங் ஒன்லி. லையிங் டைம் பிரீத் நாட் கமிங்." நான் அதை இழுத்து இழுத்து வாசித்தேன். நான்கு வட்டம் விழுந்தது. நான் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் எட்டிப் பார்த்து, அந்த நோயாளியைக் காசநோய்க்காக அல்ல, இதயத்துக்காகப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக மேலே போனார். படுத்தால் மூச்சு வரவில்லை, அதனால் இரவெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறார் என்று பெரியக்கா பார்த்து எழுதியதில் ஒரு உயிர் பிழைத்தது. நான் பார்த்தது வட்டங்களைத்தான். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்கு நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பெரியக்கா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. "சரிங்க சிஸ்டர்" என்பார். நான் சொன்னதை எல்லோர் முன்னாலும் பள்ளிக்கூடப் பிள்ளை போலத் திருப்பிச் சொல்வார். சொல்லும்போது சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். எங்கள் வீட்டு மல்லிக் காட்டில் களையெடுக்க வந்த பெண்கள் அப்பா முன்னால் நிற்கும்போது அப்படித்தான் துடைப்பார்கள் என்பது எனக்கு ஒருமுறை ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை அவசரமாக ஒதுக்கிவிட்டேன். நான் திருத்திக்கொண்டிருந்தது இங்கிலீஷை மட்டும்தானா என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். பதில் அவ்வளவு நல்லதாக வருவதில்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதைத்தான் என் வாழ்க்கையின் மிகப் பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நெடுநாள் நம்பினேன். பன்னிரண்டு வாக்கியங்களை நல்ல இங்கிலீஷில் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, நர்ஸுகளின் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். எழுதத் தெரியாதவர்கள் இவற்றில் பொருத்தமானதைப் பார்த்து எழுதினால் போதும். ஏழாவது வாக்கியம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. "பேஷண்ட் இஸ் கம்ஃபர்டபிள். நோ ஃப்ரெஷ் கம்ப்ளெயின்ட்ஸ்." நோயாளி நன்றாக இருக்கிறார், புதிதாக எதுவும் சொல்லவில்லை என்று அர்த்தம். ஒரு மாதத்தில் நோட்டு மாறிவிட்டது. சிவப்பு மை குறைந்தது. இரண்டு மாதத்தில் ஒரு வாரம் முழுக்க ஒரு வட்டம் கூட விழவில்லை. பெரியக்காவின் பக்கங்கள் முன்பு விளிம்பு வரை நிறைந்திருக்கும். இப்போது ஒவ்வொரு கட்டிலுக்கும் இரண்டே வரி, அழகான கையெழுத்தில். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு கடிகாரம் பரிசளித்தார். இருபது கட்டிலிலும் எல்லோரும் எப்போதும் நன்றாகவே இருக்கிறார்களே என்று எனக்கு ஒருநாளும் சந்தேகம் வரவில்லை.

பரிசோதனைக்கு ஆட்கள் வருவதாகச் சொன்ன நாள் வந்தது. மூன்று மணிக்கு வருகிறார்கள். ஆஸ்பத்திரியே பினாயில் வாடையில் கிறங்கிக்கிடந்தது. அன்று காலை ஒன்பதாவது கட்டிலில் ஒரு விவசாயியைச் சேர்த்திருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். காட்டில் முள் வெட்டும்போது அரிவாள் காலில் பட்டு, நாலு நாள் மஞ்சளை அப்பிவிட்டு, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிய பிறகு வந்திருந்தார். ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு வழக்கம்போல "ஒன்னுமில்லங்கய்யா" என்றார். டாக்டர் அப்படியே சீட்டில் எழுதி, பென்சிலின் வகை ஊசி ஒன்றை மதியம் ஆரம்பிக்கச் சொல்லிவிட்டு ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டார். புண்ணைக் கழுவியது பெரியக்கா.

இரண்டு மணிக்கு நான் மேசையில் இருந்தேன். அன்றைக்கு மட்டும் நோட்டு வாசிப்பை விட்டுவிட்டு, பரிசோதனைக்கான கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். பெரியக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு இரண்டு பத்துக்குப் பரளச்சி பஸ்ஸு. அதை விட்டால் நாலரைக்குத்தான்.

"சிஸ்டர், அந்த ஒம்பதாம் நம்பர் ஆளு ஒரு விசயம் சொன்னாரு..."

நான் தலை நிமிரவில்லை. "நோட்டுல எழுதியிருக்கீங்களாக்கா?"

"எழுதியிருக்கேன். ஆனா..."

"அப்ப நான் பாத்துக்கிறேன். இன்னிக்குப் போயி கதை பேச நேரமில்லக்கா, கெளம்புங்க."

அவர் திரும்பி வார்டுக்குள் போனார். எதையோ மறந்துவிட்டு எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் என்னைத் தாண்டி வெளியே போனதை அவருடைய செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொண்டேன்.

நோட்டைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் கட்டிலுக்கு நேராக என் ஏழாவது வாக்கியம் இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. புள்ளி கூட வைக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஊசி மருந்தை எடுத்துக் கலக்கினேன். இந்த மருந்தை முதன்முதலில் போடும்போது தோலுக்கடியில் ஒரு துளி போட்டுப் பார்க்க வேண்டும். சீட்டில் ஒவ்வாமை இல்லை என்றிருந்தது, நோட்டில் எதுவுமே இல்லை என்றிருந்தது, மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டிருந்தது. நான் அந்தச் சோதனையைச் செய்யாமல் நேராக ஏற்றப் போனேன். செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. இதற்கு மேல் அதற்குச் சமாதானம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

காய்ச்சல் இறங்கிய அசதியில் அந்த ஆள் தூங்கிக்கொண்டிருந்தார். கூட இருந்த அவர் மனைவி வெளியே மோர் வாங்கப் போயிருந்தார். கையை நீட்டி, குளுக்கோஸ் ஏறும் குழாயின் மூடியைத் திறக்கப் போனேன். திறக்க முடியவில்லை. மூடியின் மேலேயே ஒரு பிளாஸ்திரி சுற்றி ஒட்டியிருந்தது. அங்கே யாரும் ஒட்ட மாட்டார்கள். எந்த முட்டாள் இப்படி ஒட்டியது என்று கோபம் வந்தது. பிய்க்கப் போனபோதுதான் அதில் எழுத்து தெரிந்தது.

"பென்சிலின் ஆகாது. முன்னாடி உடம்பு முளுக்க தடிச்சு மூச்சு முட்டியிருக்கு. போட்றாதீக."

இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன், அதனால் மறைக்காமல் சொல்கிறேன். அந்த இரண்டு வரியில் என் கண்ணில் முதலில் பட்டது 'முளுக்க' என்ற பிழைதான். கையில் மருந்து நிரப்பிய ஊசி, எதிரே தூங்கும் ஒரு மனிதர், என் மனசு வட்டம் போட இடம் தேடியது. அர்த்தம் அதற்கு அப்புறம்தான் வந்து சேர்ந்தது. ஊசியைத் தட்டில் வைக்கப் போய்த் தட்டே கீழே விழுந்தது. சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டு, "என்னத்தா, ஊசியா?" என்று கையை நீட்டினார்.

மோர்ப் பாக்கெட்டோடு வந்த மனைவியிடம் கேட்டேன். "ஆமா சிஸ்டரு, காலையில காலக் கழுவுன அந்தக்காகிட்ட சொன்னோமே" என்றார். பல வருடத்துக்கு முன்பு வீரசோழனில் சளிக்கு ஒரு ஊசி போட்டார்களாம். பத்து எண்ணுவதற்குள் முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு நின்றுவிட்டதாம். காரில் போட்டு மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். "சாமி பொழைக்க வச்சிருச்சு. இவுக ஒருத்தருக்கிட்டயும் அதச் சொல்ல மாட்டாக, வெக்கம். அந்தக்காதான் பேச்சுவாக்குல வாயப் புடுங்கிருச்சு. மருந்துப் பேரு எழுதுன சீட்டு இன்னும் எம் பையிலதான் இருக்கு, அதையும் வாங்கிப் பாத்துச்சே." நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

ஆபரேஷன் அறைக் கதவைத் தட்டி டாக்டரிடம் சொன்னேன். வேறு மருந்து எழுதினார். அந்த ஆளின் சீட்டில் பெரிய எழுத்தில் பென்சிலின் ஆகாது என்று சிவப்புப் பேனாவால் எழுதினேன். அந்தப் பேனா வாங்கி எட்டு மாதத்தில், பிழை திருத்துவதைத் தவிர வேறு ஒன்றுக்கு அதை எடுத்தது அன்றுதான். மூன்று மணிக்கு வந்தவர்கள் நோட்டைப் பிரித்தார்கள். அவர்களில் மூத்தவர் அந்தப் பக்கத்தையே திறந்து வைத்துக்கொண்டு, இந்த மாதிரிச் சின்ன ஊரில் இவ்வளவு சுத்தமான இங்கிலீஷை அவர் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னார். அவருடைய விரல் ஒன்பதாம் நம்பருக்கு நேராக இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையாட்டினார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அலமாரிக்குப் போனேன். வேலை நேரத்தில் போனைப் பூட்டி வைக்க வேண்டும் என்பதும் என் சட்டம்தான். எடுத்துப் பார்த்தால் பெரியக்காவிடமிருந்து ஏழு தடவை அழைப்பு வந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டேன். பஸ் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் கேட்டது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"போட்டுட்டீகளா?"

"இல்லக்கா. போடல."

அந்தப் பக்கம் அவர் விட்ட மூச்சு, பஸ் இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது. "திருச்சுழியில எறங்கித் திரும்பிருவோமான்னு பாத்தேன். சரி, வச்சிர்றேன்" என்றார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அலமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். துக்கத்தில் வரும் அழுகை இல்லை அது. பஸ் தலைகுப்புறக் கவிழ இருந்து, கவிழாமல் நின்றுவிட்டால், இறங்கி வந்து ரோட்டோரம் உட்காருவோமே, அந்த மாதிரி.

அடுத்த நாள் காலையில், ஏன் நோட்டில் எழுதவில்லை என்று அவரிடம் கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். பெரியக்கா பஞ்சை வெட்டிக்கொண்டே சொன்னார்.

"எழுதத்தான் ஒக்காந்தேன். தடிச்சுச்சுங்கிறதுக்கு எனக்கு இங்கிலீஷு வரல. எதையாச்சும் எழுதுனா ரெண்டு மணிக்கு நாலு பேரு முன்னாடி வாசிப்பீக. நேத்து வேற ஆளுக வாராகன்னு சொன்னீக. தப்பா எழுதி ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேரு வந்து, என்னைய வார்டு கழுவப் போட்டுட்டா எம் புள்ள படிப்பு என்னாகுறது? சொவத்துல இருந்தது தப்பில்லாம இருந்துச்சு. அத எழுதிட்டேன். ஆனா மனசு கேக்கல. வாயால சொல்லிருவோம்னு வந்தேன், நீங்க கேக்கல. என்னதான் செஞ்சாலும் ஊசி போட அந்த மூடியத் தொறந்துதான ஆகணும்? அதான் அங்கன ஒட்டுனேன்."

மன்னிச்சிருங்கக்கா என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். இல்லை, சொல்ல ஆரம்பித்தேன், அவர்தான் முடிக்க விடவில்லை. "விடு தாயி. தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு" என்றார். எட்டு மாதமாகச் சிஸ்டர் என்றவர் அன்றைக்குத்தான் முதன்முறையாக என்னைத் தாயி என்றார். அதன் பிறகு சிஸ்டர் என்று அவர் கூப்பிடவே இல்லை.

சுவரிலிருந்த பன்னிரண்டு வாக்கியங்களை அன்றே கிழித்தேன். பிளாஸ்டிக் உறை சுலபத்தில் கிழியவில்லை, கத்தரிக்கோல் எடுக்க வேண்டியதாயிற்று. நடந்ததை எல்லாம் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், நான் சோதனை போடாமல் விட்டதையும் சேர்த்து. வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வார்டு கழுவப் போடுன்னு சொன்னது நான்தானேம்மா" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வழக்கம் மாறியது. இரண்டு மணிக்கு மேசையைச் சுற்றி நிற்பது போய், கட்டில் கட்டிலாக நடந்து, நோயாளியின் பக்கத்திலேயே நின்று, நடந்ததைத் தமிழில் வாயால் சொல்ல வேண்டும். நோயாளிக்கும் அவர் வீட்டு ஆளுக்கும் அது கேட்கும். விட்டுப்போனதை அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். நோட்டில் எழுதுவதும் இருந்தது. நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன் என்று பெரியக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு? நானே எழுதுறேன். தப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றார். மறுபடி அவர் பக்கங்கள் விளிம்பு வரை நிறைந்தன. வயிற்றுப்போக்கு மறுபடி மூன்று விதமாக வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எந்த இலக்கணப் பரிசும் கொடுத்ததில்லை.

பெரியக்கா மூன்று வருடத்துக்கு முன்பு வேலையிலிருந்து நின்றுவிட்டார். மகள் மதுரையில் பார்மசியில் வேலை பார்க்கிறாள். விசேசத்துக்குப் போனால் பார்த்துக்கொள்வோம். அரிப்பு எனக்கு முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பேக்கரிப் பலகை இன்றைக்கும் என்னை நிறுத்தத்தான் செய்கிறது. இப்போது வரும் பெண்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். அதில் ஒரு சொல்லைத் தட்டினால் அடுத்த நான்கு சொல்லைப் போனே கொடுத்துவிடுகிறது. பக்கம் பக்கமாகப் பிழையே இல்லை. எனக்கோ அப்படி ஒரு பக்கத்தைப் பார்த்தால் நம்பிக்கை வருவதில்லை. எழுந்து போய் அந்தக் கட்டிலைப் பார்த்துவிட்டு வந்தால்தான் உட்கார முடிகிறது.

போன மாதம் ஒன்பதாம் நம்பர் ஆள் மறுபடி வந்தார். இந்த முறை மாடு மிதித்து விரல் நசுங்கியிருந்தது. தலை நரைத்துவிட்டது, என்னை அடையாளம் தெரியவில்லை. சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒரு பெண் புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று கேட்டேன். டாக்டரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தவர், அவளிடம் மழை இல்லாததைப் பேசி, மாட்டைத் திட்டி, கடைசியில், "எனக்கு ஒரு ஊசி ஆகாதுத்தா" என்று ஆரம்பித்தார். அவள் கேட்டு முடித்து, மேசைக்கு வந்து, நோட்டில் எழுதினாள். எழுதி முடித்ததும் கையால் மறைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மேடம், ஸ்பெல்லிங் சரியான்னு தெரியல. பாத்துச் சொல்றீங்களா?"

"நோட்ட மூடு. அவர் என்ன சொன்னாருன்னு வாயால சொல்லு."

சொன்னாள். ஊசியின் பெயர், ஊர், வீங்கிய முகம், நின்ற மூச்சு, எல்லாம் இருந்தது. நான் தட்டிலிருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து அவள் கையில் கொடுத்தேன். இதிலும் எழுதி அவர் கையில் ஒட்டு என்றேன். அவள் பேனாவைத் திறந்துவிட்டுத் தயங்கினாள்.

"இங்கிலீஷ்லயா மேடம், தமிழ்லயா?"

என் கை தானாகக் கழுத்து அட்டையைத் தொட்டது. உறைக்குள் அந்தத் துண்டு இருந்தது.

"ஒனக்கு எது வருமோ அதுல எழுது" என்றேன். அவள் குனிந்து எழுதினாள்.